பட்டுக் கவுண்ட்டரும் சிவந்த கன்னமும்

தி.நகர் ஜவுளிக்கடையில் கல்யாணப்பட்டு காட்டுகிறவள் நான். அந்த இடத்துக்கு வரப் பதினோரு வருஷம் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அதை என் மூஞ்சியே பறிக்கப் பார்த்தது.

தப்பு என்னுடையதுதான். கலர் கூடும் என்று மெடிக்கல்காரர் கொடுத்த டியூபை இரண்டு வருஷம் பூசினேன். "அல்லாரும் இத்தான் வாங்கிகினு போறாங்கக்கா" என்றார். முதலில் பளபளப்பு. பிறகு வெயில் பட்டாலும் அடுப்படியில் நின்றாலும் கன்னம் குப்பென்று சிவந்து எரியும். பூசினால் அடங்கும், விட்டால் முன்னைவிடச் சிவக்கும்.

மயிலாப்பூர் தோல் டாக்டரம்மா டியூபைப் பார்த்ததுமே குப்பைக்கூடையில் போட்டார். "இது ஸ்டீராய்டு. நிறுத்தினாத்தான் குணமாகும். ஆனா நிறுத்தினதும் சில வாரம் ரொம்ப சிவக்கும். பயந்துபோய் மறுபடி பூசிடாதீங்க." மாத்திரையும் ஜெல்லும் எழுதினார். மேக்கப் கூடவே கூடாதாம்.

நாலாம் நாள், மிளகாய் அரைத்து அப்பினது போல் ஆனது முகம். அதுவும் முகூர்த்த சீசனில்! எங்கள் மாடி மேனேஜர் திருநெல்வேலிக்காரர். "என்னம்மா, மூஞ்சி இப்படிக் கெடக்கு?" என்றார். கிரீமை நிறுத்தினதைச் சொன்னேன். "அந்தப் பழைய கிரீமையே பூசிக்கோ. இல்லன்னா கீழ லைனிங் துணி கவுண்ட்டருக்குப் போயிரு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பூசவும் மாட்டேன் சார், போவவும் மாட்டேன். மூஞ்சி செவந்துகீதுன்னுதான் அனுப்பறேன்னு பேப்பர்ல எழுதிக் குடுங்க."

எழுதிக் கொடுத்தால் வம்பு என்று மனுஷருக்குத் தெரியும். "சரி, இன்னைக்கு நில்லு. ஒரு கஸ்டமர் முகம் சுளிச்சாலும் நீ கீழதான்" என்று பக்கத்திலேயே நின்றுகொண்டார்.

முதலில் வந்தது ஒரு மயிலாப்பூர் அம்மாளும் கல்யாணப் பெண்ணும். அம்மாள் என்னைப் பார்த்த உடனே சுளித்தாள். "ஐயையோ, மூஞ்சில என்ன அது? ஒட்டிக்குமா? வேற யாரையாவது கூப்பிடுங்கோ."

மேனேஜர் படிக்கட்டைப் பார்த்துக் கையைக் காட்டினார். ஆனாலும் மறைப்பதற்கு என்ன இருக்கிறது? "ஒட்டாதும்மா. வெள்ளையாவணும்னு கண்ட கிரீமைப் பூசினேன், மூஞ்சி வெந்துபோச்சு. இப்ப அத்த நிறுத்திட்டு வைத்தியம் பாத்துகினு இருக்கேன்."

கல்யாணப் பெண் தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். பவுடருக்கு அடியில் அதே சிவப்பு. "அம்மா, எரியறது எரியறதுன்னு உன்கிட்ட எத்தனை நாளா சொல்லிண்டிருக்கேன்? கல்யாணம் முடியற வரைக்கும் அந்தக் கிரீமைப் பூசு பூசுன்னியே!"

அம்மாள் புடவை அடுக்கின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இனிமே நான் பூசமாட்டேன். மணமேடையில சிவந்தா சிவக்கட்டும்" என்று என் எதிரே விரித்திருந்த பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "அக்கா, நீங்களே காட்டுங்கோ."

முதல் புடவையை உதறி விரித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். மேனேஜர்தான் கீழே இறங்கிப் போய்க்கொண்டிருந்தார்.