நின்று போகிறவர்களை எண்ணிய அப்பா

அப்பாவின் முதலாம் ஆண்டு நினைவுத் திருப்பலிக்கு வரவிருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய மகள் எழுதிக்கொள்வது. இப்படிப்பட்ட நினைவு மலரில் மறைந்தவரின் நல்ல குணங்களை மட்டும் எழுதிக் கைகூப்பி முடிப்பதுதான் வழக்கம். நானும் அப்படித்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் அப்பாவைப் பற்றி நம் சொந்தத்தில் ஒரு பேச்சு இருக்கிறது. கடைசிக் காலத்தில் பேராசை பிடித்துப் பூர்வீக நிலத்தை விற்றுத் தொலைத்தார் என்ற பேச்சு. அது பொய் என்று வீட்டில் எங்கள் மூன்று பேருக்குத் தெரியும். வெளியே சொல்ல வேண்டியவள் நான். சொல்லாமலே காலம் கடத்திவிட்டேன்.

அப்பா மத்தூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில் இரண்டாவது மகனாகப் பிறந்தார். ஒரே அண்ணன், எங்கள் பெரியப்பா. நிலம் இரண்டு குடும்பத்துக்குப் போதாது என்று அப்பா இளம் வயதிலேயே ஓசூருக்கு வந்து, ஒரு தொழிற்சாலை கேண்டீனில் பாத்திரம் கழுவச் சேர்ந்தார். பிறகு பரிமாறினார், பிறகு சமைத்தார். அந்த கேண்டீனை வேறு ஆளுக்கு மாற்றிக் கொடுத்தபோது வேலை போனது. அம்மாவும் அவரும் சிப்காட் சாலையில் ஒரு தகரக் கூரையின் கீழ் மெஸ் தொடங்கினார்கள். காலையில் இட்லி தோசை, மதியம் சாப்பாடு. கர்நாடகத்து லாரி ஓட்டுநர் வந்தால் “ஊட்டா ஆயித்தா?” என்று, சாப்பாடு ஆயிற்றா எனக் கன்னடத்திலேயே கேட்டுக்கொண்டு இலை போடுவார். ஆந்திரா ஆள் வந்தால் தெலுங்கு வந்துவிடும். சூடு ஆறிய சாம்பாரை ஒருவருக்கும் ஊற்றியதில்லை.

அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. மதியம் இரண்டரைக்கு இரண்டாம் ஷிப்ட் கம்பெனி பஸ்கள் வரும் நேரத்தில் கல்லாவை விட்டு எழுந்து சாலையோரம் போய் நின்றுகொள்வார். பஸ்களை எண்ண மாட்டார். பஸ்ஸுக்குள் நின்றுகொண்டு வருகிறவர்களை எண்ணுவார். ஆர்டர் நிறைய இருந்தால் கம்பெனிகள் கான்ட்ராக்ட் ஆட்களைச் சேர்க்கும், உட்கார இடம் போதாமல் ஆட்கள் நிற்பார்கள். ஆர்டர் குறைந்தால் முதலில் போகிறவர்களும் அவர்கள்தான். பார்த்துவிட்டு உள்ளே வந்து, “இன்னிக்கு ஒரு படி கூடப் போடு” என்றோ “கொறச்சிக்க” என்றோ அம்மாவிடம் சொல்வார். மறுநாள் இட்லிக்கு அந்த அளவுக்குத்தான் அரிசி ஊறும். சானமாவு காட்டிலிருந்து யானை ரோட்டுக்கு வந்து பஸ்கள் சிக்கிக்கொண்ட நாட்களில் மட்டும், வந்து சேரும் ஓரிரு பஸ்ஸிலேயே எல்லாரும் ஏறி நிற்பதால், இந்தக் கணிப்பு தவறும். அப்படி மிஞ்சும் மாவுக்கு எங்கள் வீட்டில் யானை மாவு என்று பெயர். நானும் தம்பியும் மூன்று வேளையும் தோசை தின்று தீர்ப்போம்.

அந்த மெஸ்ஸின் வருமானத்தில்தான் நான் பொருளாதாரம் படித்தேன், கல்லூரியில் பாடம் நடத்தும் வேலைக்கும் போனேன். அதன்பிறகு வீட்டில் தினமும் தகராறுதான். ரிசர்வ் வங்கி வட்டியை அறிவிக்கும் நாளில் அப்பா மெஸ் டிவியில் சீரியலை நிறுத்திவிட்டுச் செய்தி வைப்பார். கொரோனாவுக்குப் பிறகு விலைவாசியை அடக்க வட்டியை ஏற்றிக்கொண்டே போன சமயம். அப்பாவுக்கு அது பிடிபடவே இல்லை.

“ஏன் கண்ணு, வட்டி ஏத்துனா ராயக்கோட்டையில தக்காளி கூடக் காய்க்குமா?”

“காய்க்காதுப்பா. கையில காசு கொறைஞ்சா ஜனங்க வாங்கறது கொறையும். வாங்கறது கொறைஞ்சா வெல எறங்கும்.”

“அதான பாத்தேன். திங்கறவன் தின்னாம இருந்தா வெல எறங்கும்னு அர்த்தம். அத முடிவு பண்ற ரிசர்வ் வங்கிக் கமிட்டி ஆறு பேர்ல ஒருத்தராவது கம்பெனி பஸ்ல நின்னுக்கிட்டுப் போயிருப்பாங்களா?”

நான் சிரிப்பேன். வகுப்பில் மாணவர்களிடம் இதைச் சொல்லியும் சிரிக்க வைத்திருக்கிறேன். இப்போது அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

வட்டி ஏறுவது நின்றது. வளர்ச்சி நன்றாக இருக்கிறது என்று அறிக்கைக்கு மேல் அறிக்கை வந்தது. போச்சம்பள்ளி பக்கம் பெரிய தொழிற்சாலைகள் வந்துகொண்டிருந்தன. அங்கே நாம் இரண்டாவது மெஸ் போட வேண்டும் என்று நான்தான் ஆரம்பித்தேன். அப்பா மறுக்கவில்லை. மூன்று நாள் போச்சம்பள்ளிக்குப் போய்ச் சாலையில் நின்று பார்த்துவிட்டு வந்தார்.

“வேணாம் கண்ணு. பஸ்ஸெல்லாம் நேரா கேட்டுக்குள்ள போயிருது. கேண்டீன் உள்ளயே இருக்குது. வெளிய சாப்பிடறவன் சின்னச் சின்ன பட்டறை ஆளுங்கதான். அவங்களுக்கு ஓ.டி. நின்னு போச்சி. இங்க நம்ம ரோட்லயே ரெண்டு மாசமா பஸ்ல ஒருத்தரும் நிக்கல, பாக்கறல்ல?”

அம்மாவும் தம்பியும் இருக்கும்போதுதான் நான் சொன்னேன். “நாடே வளருதுன்னு ரிசர்வ் வங்கியே சொல்லுது. அடுத்து வட்டியக் கொறைக்கத்தான் போறாங்க. நீங்க இட்லிக்கு அளக்கற படிய வெச்சி நாட்டை அளக்காதீங்கப்பா.”

அம்மா என்னை முறைத்தார். அப்பா கோபப்படவில்லை. “சரி. படிச்ச புள்ள சொல்ற. செய்வோம்” என்றார். வாழ்நாளில் முதல் தடவையாகத் தன் கண்ணால் பார்த்ததை விட்டுவிட்டு என் பேச்சை நம்பினார். மத்தூரில் தன் பங்காக இருந்த நிலத்தை விற்றார். போதாததற்குக் கடன் வாங்கினார். வட்டி சீக்கிரம் இறங்கிவிடும் என்ற வாக்கும் நான் கொடுத்ததுதான்.

ஒவ்வொரு அறிவிப்பிலும் வட்டியில் மாற்றம் இல்லை, மாற்றம் இல்லை என்றே வந்தது. போச்சம்பள்ளிக் கடையில் காலை இட்லி மதியம் வரை கிடந்தது. யானை வராமலே யானை மாவு மிஞ்சியது. ஒரு வருடம்கூடத் தாங்கவில்லை. கடைசியில் அவர்கள் வட்டியைக் குறைத்தபோது நாங்கள் ஷட்டரை இறக்கிச் சாவியைக் கட்டட உரிமையாளரிடம் கொடுத்திருந்தோம். அறிக்கைகள் பொய் சொன்னதாக இன்றும் நான் சொல்ல மாட்டேன். எல்லாரையும் சேர்த்து ஒரு சராசரி சொன்னார்கள். அந்தச் சராசரியில் எங்கள் சாலை பஸ்களில் நிற்க ஆள் இல்லாமல் போனது தெரியவில்லை, அப்பாவுக்குத் தெரிந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் படிப்பு எனக்கு இருந்தது, அடக்கம்தான் இல்லை.

நிலம் கைமாறிய செய்தி தெரிந்து பெரியப்பா ஓசூருக்கு வந்தார். மெஸ்ஸில், சாப்பிடுகிறவர்கள் நடுவிலேயே கேட்டார்.

“என்ன கேக்காம எப்பிட்றா வித்த? அப்பிடி என்ன பேராச ஒனக்கு?”

நான் அவருக்குக் கொடுக்கத் தண்ணீர்ச் சொம்போடு சமையல்கட்டு வாசலில் நின்றிருந்தேன். அப்பா என்னைப் பார்த்தார். பார்வையை உடனே திருப்பிக்கொண்டார்.

“ஆமாண்ணா. எனக்குத்தான் ஆச வந்துருச்சி” என்றார்.

இரண்டடி எடுத்து வைத்திருந்தால் போதும். நான்தான் பெரியப்பா என்று சொல்லியிருந்தால் போதும். கல்லூரியில் மைக் இல்லாமல் நூறு பேருக்குக் கேட்கும்படி பேசுகிறவள், அன்று வாயைத் திறக்கவில்லை. பெரியப்பா தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார். அதன்பிறகு அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்ளவில்லை. அப்பா ஒரு தடவைகூட அதை எனக்குச் சொல்லிக் காட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

போன வருடம் அப்பாவைச் சேர்த்திருந்த மருத்துவமனை அறை கம்பெனி பஸ்கள் போகும் சாலையைப் பார்த்து இருந்தது. இறப்பதற்கு இரண்டு நாள் முன்பு மதியம் தலையணையை உயர்த்தச் சொன்னார். என் கைப்பேசியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது.

“என்ன சொல்றாங்க?”

“பொருளாதாரம் நல்லா இருக்குதுன்னு சொல்றாங்கப்பா.”

“யாருக்காம்?” என்று கேட்டுச் சிரித்தார். இருமல் வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பி வெகுநேரம் பார்த்தார். “தம்பிகிட்டச் சொல்லு, ரெண்டு படி கொறச்சிக்கட்டும்.”

நான் உடனே தம்பியை அழைத்துச் சொன்னேன். மறுநாள் காலை அந்த அளவு சரியாக இருந்தது என்று தம்பி சொன்னான். கடைசி இலைக்குக் கடைசி இட்லி. அதை நான் அப்பாவிடம் சொன்னேன். தலையை மட்டும் அசைத்தார். அதற்கு அடுத்த நாள் விடிந்தபோது அவர் இல்லை.

அப்பா படுத்திருந்த நாட்களில் மெஸ்ஸை மூடவிடாமல் பார்த்துக்கொண்ட சமையல் மாஸ்டருக்கும், தங்கள் வீட்டுப் பெரியவரைப் போல அவரைக் கவனித்த செவிலியர்களுக்கும், பங்குத்தந்தைக்கும், அன்பிய ஜெபக்குழுச் சகோதரிகளுக்கும், ஷிப்ட் முடிந்த களைப்போடு கல்லறை வரை நடந்து வந்த கான்ட்ராக்ட் தொழிலாளர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

பெரியப்பா, உங்களுக்கு நன்றி சொல்லும் தகுதி எனக்கு இன்னும் வரவில்லை. இந்த மலரின் முதல் பிரதியை எடுத்துக்கொண்டு, திருப்பலிக்கு முந்தின நாள் காலையில் நானே மத்தூருக்கு வருகிறேன். நீங்கள் இதைப் படித்து முடிக்கும்வரை வாசலிலேயே நிற்பேன். உங்கள் தம்பிக்குப் பேராசை கிடையாது. மகள் பேச்சைத் தட்ட முடியாமல் போனதுதான் அவர் செய்த தவறு. திட்டுவதானால் என்னைத் திட்டுங்கள். அப்புறம் என்னோடு கிளம்பி வாருங்கள். அப்பா சொன்ன அளவை மாற்றாமல் வைத்திருக்கும் தம்பி, அன்று மட்டும் உங்களையும் சேர்த்து அரிசி ஊறப்போடுவான்.