சுமந்த கழுத்து

நாற்காலி போட்டுக் கொடுத்தாலும் அதன்மேல் ஏறிக் குந்தித்தான் உட்காருகிறார் பூவாயி. இரண்டு பாதங்களும் இருக்கையில், தாடை முழங்காலில், கையில் வரக்காப்பி. "காலைத் தொங்கப் போட்டா நொம்ப நோகுதுங்க" என்கிறார். நாற்காலி செய்தவர் பார்த்தால் மனம் நொந்துபோவார்.

மாரமங்கலத்துக்காரர். வயது நாற்பத்திரண்டு. ஒன்பது வயதில் தலையில் ஏறிய சுமை இன்னும் இறங்கவில்லை. எஸ்டேட் சரிவில் காப்பிப் பழ மூட்டையோடு ஓட்டமும் நடையுமாக இறங்கும்போதும் பேச்சு மட்டும் ஓயாது.

போன வாரம் எஸ்டேட் ஓரத்தில் தொல்லியல்காரர்கள் ஒரு பழங்காலப் புதைகுழியைத் தோண்டினார்கள். மண் சுமக்க வந்தவர் பூவாயி, வேடிக்கை பார்க்கப் போனவன் நான். எலும்புகளை ஆராயும் சிவரஞ்சனி ஒரு கால் எலும்பை எடுத்துக் காட்டினாள். கணுக்கால் பக்கம், முன்விளிம்பில் சின்னதாக ஒரு தேய்வு.

"குந்தியே உக்காந்தவங்களுக்கு இப்படி ஆகும்க்கா. இவங்க செத்து ரெண்டாயிரம் வருசம் இருக்கும். பொம்பளை."

"நம்மாளாட்டத்தான் இருக்குது கண்ணு" என்று பூவாயி சிரித்தார்.

அடுத்து, குழிக்குள் இன்னும் எடுக்காமல் கிடந்த கழுத்தெலும்புகளைச் சுட்டினாள். நசுங்கி, ஓரமெல்லாம் முள்முள்ளாக வளர்ந்திருந்தன. "சின்ன வயசுலேர்ந்து தலைச்சுமை. நரம்பு நசுங்கி, கை மரத்துப் போயிருக்கும்."

 பூவாயி கூடையை அப்படியே போட்டுவிட்டு என்னைத் தனியே அழைத்தார்.

"ஏனுங்க, எனக்கும் ஒரு வருசமா இந்த இடது கை மரத்துப் போகுதுங்க. ஊட்டுல கூடச் சொல்லலைங்க. ஆள்கணக்கு எழுதுற ரைட்டருக்குத் தெரிஞ்சா அடுத்த நாளு வேலைக்குக் கூப்புட மாட்டாரு. செத்து மண்ணாப் போனவளையே எலும்பு காட்டிக் குடுக்குதுங்களே."

சொல்லிக்கொண்டே உள்ளங்கையை விரித்தார்.  கட்டைவிரல் அடியில் ஒரு முள் ஆழமாக ஏறி, சுற்றிலும் ரத்தம் காய்ந்திருந்தது. அவருக்கு அது தெரியவே இல்லை.

ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். "பழம் பறிச்சு முடியட்டுங்க" என்றார்.

அந்த நேரம் பார்த்து மேட்டில் ஒரு பைக் வந்து நின்றது. எஸ்டேட் ரைட்டர். குழியைப் பார்க்க அவரும் இறங்கி வந்தார்.

பூவாயி விறுவிறுவென்று குழிக்குள் இறங்கினார். தலைத்துண்டை உருவி, அந்தக் கழுத்தெலும்புகளின் மேல் போட்டு மூடினார்.