அக்காவுக்கு ஆகாத கீரை

அக்காவின் நல்லடக்கத்தன்றும் அதன் பிறகும் எங்களோடு நின்ற உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். ஓராண்டுத் திருப்பலிக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் நினைவு மலரில் நாலு வரி எழுதச் சொல்லி அக்காவின் மகள் கேட்டாள். கூடப்பிறந்தவன் நான் ஒருவன்தானே, வேறு யாரைக் கேட்பாள்? எனக்கு எழுத வராது. அழவும் வரவில்லை. நல்லடக்கத்தன்று பந்தலில் வந்தவர்கள் இருக்கக் கதிரை காணுமா என்று பார்த்துக்கொண்டு நின்றேன். இன்றைக்கும் ஏறக்குறைய அப்படித்தான் நிற்கிறேன்.

அக்கா விடத்தல்தீவில் பிறந்தார். ஐயாவுக்குக் கடற்தொழில். போர் எங்களை ஊர் ஊராக அலைய வைத்தது. உயிலங்குளத்தில் இருந்தபோது அக்காவுக்குத் திருமணம் நடந்தது. மகள் நடை பழகும் வயதில் அத்தானைக் கடல் கொண்டுபோய்விட்டது. அக்கா யாரிடமும் கை நீட்டவில்லை. மகளைத் தூக்கிக்கொண்டு மலைநாட்டில் ஒரு கன்னியர் மடத்து விடுதிக்குச் சமைக்கப் போனார். மகள் அங்கேயே படித்து முடித்தாள். அக்கா ஊர் திரும்பியபோது ஈரச்சாக்கில் சுற்றிய ஒரு வேர் அவருடைய பையில் இருந்தது.

"என்னக்கா இது?"

"கீரையடா. மடத்து வேலியோரம் தானாய் முளைச்சுக் கிடக்கும். புளிக்கும். பேர் ஒருத்தருக்கும் தெரியாது."

நட்டார். இலை ஓரம் நெளிந்து நீள நீளமாக வந்தது. பக்கத்து வளவில் இருக்கும் முஸ்லிம் அண்ணர், எங்களுக்கு நானா, வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "தங்கச்சி, பொயிலையோ நட்டிருக்கிறியள்?" என்றார்.

"ஓம் நானா, சுருட்டுச் சுத்தப் போறன். உங்களுக்கும் ரெண்டு தாறன்."

எங்கள் பக்கத்தில் மீன் கழுவிய தண்ணீரை வீணாக்க மாட்டோம், தென்னைக்கு ஊற்றுவோம். அந்தப் பழக்கத்தில் இதற்கும் ஊற்றினார். கடல்தண்ணீரில் அலசிய மீன். அந்த உப்பில் இலையெல்லாம் கருகிப்போனது. அக்கா தன்னைத்தானே திட்டிக்கொண்டு வேரைக் கிண்டி, குருத்துள்ள துண்டாக வெட்டி, உடுப்புத் தோய்க்கும் கல்லுக்குப் பக்கத்தில் நிழலாக நட்டார். அங்கே பிடித்துக்கொண்டது. கடும் வெயில் காலத்தில் மேலே ஒன்றுமே இல்லாமல் காய்ந்துவிடும். செத்துப்போயிற்று என்று நான் மண்வெட்டியை எடுத்தேன்.

"டேய், அதில கை வைச்சியெண்டாத் தெரியும்! வேர் கிடக்கு."

மாரி மழைக்குத் துளிர்த்தது. தவக்கால வெள்ளிகளில் பிஞ்சு இலையை அவித்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு, பருப்பும் தேங்காய்ப்பாலும் சேர்த்துக் காய்ச்சுவார். நானா வீட்டுக்கும் ஒரு சட்டி போகும். அன்றைக்கு எனக்கு மீன் நினைவே வராது.

பிறகு அக்காவின் சிறுநீரகம் பழுதானது. என்ன சாப்பிடுகிறார் என்று டொக்டர் விசாரித்தார். அக்கா கீரையைச் சொன்னார்.

"எந்தக் கீரையம்மா? பேர் தெரியாமல் நான் ஓமெண்டு சொல்லேலாது."

ஒரு செடியை வேரும் விதையுமாகப் பிடுங்கிக்கொண்டு விவசாயக் கந்தோருக்குப் போனோம். அங்கே உத்தியோகம் பார்க்கும் இளம் பிள்ளை கணுவைச் சுற்றியிருந்த மெல்லிய சவ்வு உறையை உரித்துப் பார்த்தது. மூன்று சிறகுள்ள காயைக் காட்டியது. வேரை முறித்தால் உள்ளே மஞ்சள். "சுக்கான் கீரை இனமம்மா. இது வருசா வருசம் வேரில இருந்து துளிர்க்கிற வகை" என்றது. அக்காவுக்கு வாயெல்லாம் பல்.

அந்தப் பெயரை டொக்டரிடம் போய்ச் சொன்னோம். "இதில இருக்கிற அமிலம் உங்கட சிறுநீரகத்துக்கு ஆகாது. வாயில வைக்கக்கூடாது" என்றார். வரும் வழியில் பஸ்ஸில் அக்கா, "பேர் கேக்கப் போயிருக்கக்கூடாது" என்று மட்டும் சொன்னார்.

சாப்பிடுவதை விட்டார், வளர்ப்பதை விடவில்லை. மழை தொடங்க வேரைப் பிரித்துக் கேட்டவர்களுக்குக் கொடுப்பார். கடைசிக் காலத்தில் வாயில் எதுவும் ருசிக்கவில்லை. கிளினிக் போகும்போதெல்லாம், "டொக்டர், ஒரு கரண்டி?" என்பார். "வேண்டாமம்மா, சொல்லுக் கேளுங்கோ" என்பார் அவர். எனக்கு அந்த மனிசனில் சரியான கோபம்.

ஆஸ்பத்திரிக்குப் போக எந்த நேரம் கூப்பிட்டாலும் தன் வான் வண்டியை எடுத்து வந்த நானாவுக்கும், முறை வைத்துப் பக்கத்தில் இருந்த அயலவருக்கும், செபமாலை சொல்ல வந்த சகோதரிகளுக்கும், குழி வெட்டிய பிள்ளைகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அந்த டொக்டருக்கும் நன்றி சொல்லத்தான் வேண்டும். அக்காவை வீட்டுக்கு அனுப்பிய அன்று என்னைத் தனியே கூப்பிட்டு, "இனி அவ ஆசைப்பட்டதைக் குடுங்கோ" என்றார். நான் தலையாட்டிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து கீரை பிடுங்கி நானே காய்ச்சினேன். கிண்ணத்தைக் கண்டதும் அக்கா என் முகத்தைப் பார்த்தார்.

"டொக்டர் மறிச்சதெல்லோ?"

"இப்ப குடுக்கலாமாம், அக்கா."

குசினிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். மகள் அங்கே அடுப்படியில் நின்றாள்.

"அப்பிடியோ," என்றார். "பிள்ளைக்கு இப்ப சொல்லிப்போடாதை."

பிறகு வாயைத் திறந்தார்.