ஜர்னல் வரட்டும்

பேராசிரியர் தணிகாசலம் காலமான செய்தி, விடுமுறைக்குக் கடலூர் வந்திருந்த எனக்குத் தபால் அட்டையில் வந்தது. அதற்குள் தகனமே முடிந்திருந்தது. தாமதமாக வந்ததைத்தான் அவர் நம்புவார். அந்த வகையில் பொருத்தமான செய்தி. சிதம்பரத்து இரங்கல் கூட்டத்தில், உலகப் பொருளாதாரத்தை உள்ளங்கையில் வைத்திருந்தவர் என்று சக ஆசிரியர்கள் நீங்களெல்லாம் பேசினீர்களாம். அவரோடு ஒரே கல்லூரியில் பொருளாதாரம் நடத்தியவன் நான். எனக்கும் கொஞ்சம் சொல்ல இருக்கிறது.

லண்டனிலிருந்து கப்பலில் வரும் பொருளாதார ஜர்னலில் அச்சாகாத எதுவும் அவரைப் பொறுத்தவரை நடக்கவே இல்லை. சூயஸ் கால்வாய் மூடி, கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றி வந்த வருடத்திலும் அதே கொள்கைதான்.

அந்த வருடம்தான் மலேசியா, சிங்கப்பூர், புரூணை மூன்றும் பொது நாணயத்தை விட்டுத் தனித்தனி நோட்டு அச்சடித்தன. பழைய நோட்டும் சம மதிப்பில் செல்லும். ஆனால் அது பவுண்டை நம்பி நின்ற நோட்டு. என் தங்கை கணவர் சிங்காரவேலு, கடலூர்க் கரையில் தேவனாம்பட்டினத்துக்காரர், பினாங்குத் துறைமுகத்தில் மூட்டை தூக்கிச் சேர்த்ததெல்லாம் அந்தப் பழைய நோட்டுதான். சொந்தப் படகு வாங்க வேண்டும் என்று ஊருக்குக் கொண்டுவந்திருந்தார். நாகப்பட்டினத்தில் பினாங்குக் கப்பல் ஏறவிருந்த நண்பர், புது நோட்டாக மாற்றித் தருவதாகச் சொன்னார். யோசனை கேட்கப் பேராசிரியரிடம் வந்தார் சிங்காரவேலு.

"மாத்திடவா சார்? பவுண்டு விழப்போவுதுன்னு பேப்பர்ல எழுதுறாங்களே."

"பேப்பர்காரன் உளறுவான். மூணு நாடு சேந்து நடத்துன நாணயம்யா அது! ஜர்னல் வரட்டும்."

உடனே மாற்றிவிடச் சொல்லி நான் குறுக்கிட்டேன். "மச்சான், சும்மா இருங்க. சாரு எவ்ளோ படிச்சவரு" என்று சிங்காரவேலு என்னை அடக்கினார்.

கப்பல் போயிற்று. பவுண்டு விழுந்தது. கூடவே பழைய நோட்டும் விழுந்தது. புது நோட்டு அசையவில்லை. மிஞ்சிய மதிப்புக்குப் படகு வரவில்லை.

பிறகு ஆடி அசைந்து ஜர்னல் வந்தது. பவுண்டு விழும் என்று அதில் தெளிவாக எச்சரித்திருந்தார்கள். மனிதர் வெட்கப்பட்டாரா? சிவப்புப் பென்சிலால் கோடு போட்டு வகுப்பில் வாசித்தார். "பொது நாணயம் உடைந்தால் அதன் விளைவு நம் கடலூர்க் கரைவரை வரும்" என்று முழங்கினார். மாணவர்கள் கைதட்டினார்கள்.

அந்தத் தபால் அட்டையோடு நேற்று கரைக்குப் போனேன். சிங்காரவேலு யாருடைய படகிலோ வலை ஏற்றிக்கொண்டிருந்தார்.

"தணிகாசலம் சார் பூட்டாரு மச்சான்."

அவர் கையிலிருந்த வலையை விடவில்லை.

"ஜர்னல்ல வந்துடுச்சா?" என்றார்.

பேராசிரியரின் நினைவாக நான் வைத்துக்கொள்ளப்போவது அந்தக் கேள்வி ஒன்றைத்தான்.