பத்து நாற்பது பஸ்ஸும் புதுத் தண்ணீரும்

வாரத்தில் ஆறு நாள் அருள்மொழிக்குக் கால்கள் இருப்பது நிற்பதற்கு மட்டும்தான். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு ஜெராக்ஸ் கடை. காலை ஒன்பது மணிக்கு மெஷினுக்கு முன்னால் போய் நின்றால் விளக்கு வைத்த பிறகுதான் அங்கிருந்து நகர்வாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் அவளைக் கையில் பிடிக்க முடியாது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் டாக்டர் சர்க்கரை என்று சொல்லி, தினமும் முக்கால் மணி நேரம் நடக்கச் சொன்னார். தெருவிலேயே நடந்து பார்த்தாள். "எங்க கெளம்பிட்ட?" என்று ஒரு வீடு, "ஏன் தனியா போற?" என்று அடுத்த வீடு, "வூட்ல எதாவது சண்டையா?" என்று அதற்கடுத்த வீடு. நாலு நாளில் கால் நடந்ததைவிட வாய் நடந்ததுதான் அதிகம். வெறுத்துப் போய் ஒரு ஞாயிறு காலை டவுன் பஸ்ஸில் ஏறினாள். பெண்களுக்குத்தான் டிக்கெட் கிடையாதே! கீரப்பாளையம் தாண்டி, தன்னை யாருக்குமே தெரியாத ஒரு நிறுத்தத்தில் இறங்கி வாய்க்கால் கரையில் நடந்தாள். ஒரு மணி நேரத்தில் வேறொரு தார் ரோடு குறுக்கே வந்தது. எதிரே ஒரு பஸ்ஸும் வந்தது. கையைக் காட்டி ஏறி வீட்டுக்கு வந்துவிட்டாள்.

புதையல் எடுத்தவளுக்குக்கூட அன்றைக்கு அவளுக்கிருந்த சந்தோஷம் இருந்திருக்காது. ஒரு பஸ்ஸில் போய் இறங்கவேண்டியது, நடக்கவேண்டியது, இன்னொரு ரோட்டில் இன்னொரு பஸ்ஸைப் பிடிக்கவேண்டியது. போன வழியே திரும்பி வரவேண்டாம்! இது இத்தனை நாள் யாருக்கும் தோன்றவில்லையே என்று அவளுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. அதன் பிறகு ஒரு ஞாயிறு விடவில்லை. லால்பேட்டையில் இறங்கி ஏரிக்கரை மேல் ஒரு நடை. பஸ் மாறி மாறித் திருவதிகை வரை போய், கோயிலைப் பார்த்துவிட்டுக் கெடிலம் ஆற்றோரமாக ஒரு நடை. கடையில் வீணாய்ப் போன தாளின் பின்பக்கத்தில் பஸ் நேரம், வழி, எங்கே நாய் இருக்கிறது, எங்கே நிழல் இருக்கிறது என்று எல்லாம் எழுதி மேஜையில் வைத்தாள். ஆதார் கார்டு நகல் எடுக்க வந்தவர்கள் அதையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போனார்கள். "எங்களையும் ஒருநாள் கூட்டிக்கிட்டுப் போயேன்" என்று ஆரம்பித்தது, ஆவணி மாதத்தில் ஒரு ஞாயிறுக்குப் பதினோரு பெண்கள் என்று வந்து நின்றது.

அவள் புருஷன் இளவரசு மினி லாரி ஓட்டுகிறவன். நல்லவன்தான். ஆனால் வண்டி இருக்கிறவனுக்கு நடப்பதென்றால் கேவலம்.

"ஊரு பொம்பளைங்கள எல்லாம் இட்டுக்கிட்டுப் போயி நட்ட நடு வயல்ல அம்போன்னு வுட்டுட்டன்னா, நாளைக்கு நான் எந்த மூஞ்ச வெச்சிக்கிட்டுத் தெருவுல நடக்கறது?" என்றான்.

"நீதான் நடக்கறதே இல்லியே மாமா."

அவனுக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. "செரி. திரும்பி வர்ற பஸ்ஸு எப்போ?"

"பத்து நாப்பது."

"அதுல எல்லாரையும் ஏத்திக் காட்டு. அப்பறம் நான் வாயே தொறக்க மாட்டேன். பஸ்ஸ வுட்டுட்டன்னா, இனிமே ஞாயித்துக்கெழமெ வூட்டோட கெட."

அருள்மொழி சரியென்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் யோசித்தாள். அந்த ஒரு நாளும் போய்விட்டால் அவளுக்கென்று வேறு என்ன இருக்கிறது? பந்தயம் கட்டியவன் சும்மா இருப்பானா, நடுவர் மாதிரி தானும் கூடவே கிளம்பினான். பஸ்ஸில் டிக்கெட் வாங்கியது அவன் ஒருவன்தான். அதற்கே பதினோரு பேரும் சிரித்தார்கள்.

எட்டே முக்காலுக்கு இறங்கி ஒரு வாய்க்கால் கரையில் நடக்க ஆரம்பித்தார்கள். இரண்டு பக்கமும் புழுதியில் விதைத்த நெல் முளைத்து, விரல் உயரத்தில் தண்ணீருக்குத் தவித்துக்கொண்டிருந்தது. வாய்க்கால் காய்ந்து பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. அருள்மொழி போட்ட கணக்கு சுலபமானது. வைகாசியில் அவள் வந்து பார்த்தபோது பண்ணியதுபோல, கரை சரிந்திருக்கிற இடத்தில் வாய்க்காலுக்குள் இறங்கி ஏறினால், எதிர்க்கரையில் பத்தே நிமிஷத்தில் பஸ் நிறுத்தம். பூக்கட்டுகிற தங்கம்மாளுக்கு முழங்கால் வலி. அவளுக்காக மெதுவாகவே போனார்கள்.

சரிந்த இடத்துக்குக் கொஞ்ச தூரத்தில் தங்கம்மாள்தான் முதலில் நின்றாள். "எம்மா அருளு, பின்னால என்னா சத்தம்? யாரோ வடை சுடற மாதிரி கேக்குது?"

திரும்பினார்கள். வாய்க்கால் நிறையக் கொக்கு. கொக்குக்கு முன்னால் பழுப்பு நுரை. சருகு, வைக்கோல், பிளாஸ்டிக் பாட்டில், யாருடையதோ ஒற்றைச் செருப்பு எல்லாவற்றையும் உருட்டிக்கொண்டு தண்ணீர் வந்துகொண்டிருந்தது. வெடிப்புக்குள் இறங்கும்போது சொளசொளவென்று குமிழி விட்டது. நண்டுகள் வளையிலிருந்து தலைதெறிக்க ஓடின. மண் வாசனை குப்பென்று அடித்தது.

"தலைத்தண்ணி!" என்று பதினோரு பேரும் கத்தினார்கள். அருள்மொழியும்தான் கத்தினாள். கத்தி முடித்ததும்தான் அவளுக்கு ஞாபகம் வந்தது. பாசனத்துக்குத் தண்ணீர் திறக்கிற தேதியைப் போட்டு விவசாயிகள் சங்கத்தார் அடித்த நோட்டீஸை, புதன்கிழமை இருநூறு பிரதி எடுத்துக் கொடுத்தவளே அவள்தான். ஜெராக்ஸ் கடைக்காரர்கள் எதையும் படிப்பதில்லை. கோணல் இல்லாமல் விழுந்திருக்கிறதா என்று மட்டும்தான் பார்ப்பார்கள்.

"ஓடுங்க! தண்ணிக்கு முன்னாடி எறங்கிடணும்!"

ஓடினார்கள். தங்கம்மாளை இரண்டு பேர் கைத்தாங்கலாக இழுத்தார்கள். ஆனாலும் அவர்கள் போய்ச் சேரும் முன் தண்ணீர் அந்த இடத்தைத் தாண்டிவிட்டது. "கணுக்கால் அளவுதான, என்னா பெருசா?" என்று இளவரசு வீறாப்பாக இறங்கினான். ஒரு காலை வைத்தான், முழங்கால் வரை சேறு வாங்கிக்கொண்டது. காலைப் பிடுங்கினான், செருப்பு வரவில்லை. அவனையே நாலு பேர் சேர்ந்துதான் மேலே தூக்கவேண்டியிருந்தது.

"வேற வழி?" என்றான் மூச்சு வாங்க.

"கரையோடயே போனா பாலம். அந்தப் பஸ்ஸு அது மேலதான் போவும். ஆனா அரை மணி ஆவும் மாமா."

மணி பத்து முப்பத்தைந்து. அவன் செல்போனைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

ஆனால் மற்றவர்களுக்குப் பஸ் ஞாபகமே இல்லை! விறுவிறுவென்று நடந்து தண்ணீரின் தலையைப் பிடித்துவிட்டார்கள். அது குழியில் இறங்கி நிரம்பும்வரை இவர்களும் நிற்பார்கள். அது மேட்டைத் தாண்டி எட்டிப் பார்த்தால் "வா வா வா" என்று கூப்பிடுவார்கள். தங்கம்மாள் வலியை மறந்து எல்லோருக்கும் முன்னால் போய்க்கொண்டிருந்தாள். அருள்மொழிக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. போனால் போகட்டும், கடைசி நடையாகவே இருந்தாலும் இப்படி ஒன்று யாருக்குக் கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டாள். பக்கத்தில் இளவரசைக் காணோம். ஒற்றைச் செருப்பையும் வீசிவிட்டு, நீளமான குச்சியால் மிதந்து வந்த முள்ளைத் தள்ளித் தண்ணீருக்கு வழி விட்டுக்கொண்டிருந்தான். "ஏய், அந்தப் பக்கம் அடைக்குது பாரு!" என்று யாரோ ஒரு அக்காவை அதட்டினான்.

வளைவு திரும்பியதும் பாலம் தெரிந்தது. பாலத்தின் மேல் ஊரே நின்றது. பெண்கள் தட்டில் பூவும் விதைநெல்லும் வைத்திருந்தார்கள். அந்தக் கூட்டத்துக்கு நடுவில், முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் போக முடியாமல், டவுன் பஸ்!

"பத்து நாப்பதா?" என்று கீழேயிருந்தே கத்தினாள் அருள்மொழி.

"அதாம்மா!" என்றார் கைப்பிடிச் சுவரில் சாய்ந்திருந்த கண்டக்டர். "தண்ணி வர்றதப் பாக்காம சனம் நகர மாட்டேங்குது. டிரைவரே எறங்கிப் போயிட்டாரு, நான் யாருக்கு விசில் ஊதறது?"

தண்ணீர் பாலத்துக்கடியில் நுழைந்தது. குலவைச் சத்தம் கிளம்பியது. பூவும் நெல்லும் நுரைமேல் விழுந்தன. டிரைவர் கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டு வந்து வண்டியை எடுத்தார். பதினோரு பேரும் அடித்துப் பிடித்து ஏறினார்கள். கடைசியாக இளவரசு, வெறுங்காலும் தொடை வரை சேறுமாக, படியில் கால் வைத்தான்.

"டயம் பதினொன்னே கால்" என்றான் மெதுவாக.

"பஸ்ஸு பத்து நாப்பது பஸ்ஸுதான் மாமா."

கண்டக்டர் டிக்கெட் கிழிக்க வந்ததும் அவன் கேட்டான்:

"சார், அடுத்த ஞாயித்துக்கெழமையும் இந்த வண்டி வருமில்ல? என்னையும் சேத்து நாங்க பதிமூணு பேரு. கொஞ்சம் பாத்து நிறுத்துங்க."