கப்டன் சாமுவேலைச் சாகடிக்கச் சொன்னது நான்தான்

ரூத் அன்ட்டி போய்விட்டார். காலையில் தேத்தண்ணி குடித்துவிட்டுக் கதிரையில் சாய்ந்தவர், அப்படியே... புசல்லாவையிலிருந்து அவருடைய தங்கை போன் எடுத்துச் சொன்னார்.

நான் இந்தப் பக்கத்தில் சொந்த விஷயம் எழுதுகிறவள் இல்லை. இன்றைக்கு மட்டும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

பெயரைச் சொன்னால் உங்களில் பலருக்குத் தெரியாது. கண்டியில் நான் வேலை செய்யும் பிரஸ்ஸில் ஒரு சின்னக் கிறிஸ்தவ மாத இதழ் அச்சாகிறது, அதில் தொடர்கதை எழுதியவர்.

எல்லாமே காதல் கதைகள். எல்லாவற்றிலும் ஹீரோ ஒரு இராணுவ வீரன், ஜெபிக்கிறவன். சண்டைக்குப் போவான், காயப்படுவான், கடைசியில் காத்திருக்கிறவளிடம் திரும்பி வருவான்.

எந்த நாட்டு இராணுவம் என்று இருக்காது. எதிரி யார் என்றும் இருக்காது.

"இது யாரோட ஆமி அன்ட்டி?" என்று ஒருமுறை கேட்டேன்.

"கர்த்தருக்குத் தெரியும் மகள். நமக்கு எதுக்கு அந்த வம்பு?"

மாதம் ஒரு தடவை பஸ்ஸில் வருவார். கதை எழுதிய சீ.ஆர். கொப்பியை, சோறு கட்டும் லஞ்ச் ஷீட்டில் சுற்றி, அதற்கு மேல் ஒரு சொப்பிங் பேக்... மழையில் அவர் நனைந்திருப்பார், கதை ஒருநாளும் நனைந்ததில்லை.

அதை டைப் பண்ணி புரூஃப் பார்ப்பது என் வேலை. நான் நிறைய வாசிக்கிறவள், அந்தத் திமிரும் எனக்கு இருந்தது.

"எல்லாக் கதையும் அவன் வாசல்ல சப்பாத்தக் கழட்டுறதோட முடியுதே அன்ட்டி."

"பின்ன? சப்பாத்தோடயா வீட்டுக்குள்ள வர்றது? அவ இப்பதானே கூட்டிப் பெருக்கி வச்சிருக்கா!" சொல்லிவிட்டுத் தானே சிரித்து, கொண்டுவந்த, மீன் வைத்த மாலு பனிஸில் பெரிய பாதியை எனக்குப் பிய்த்துத் தந்தார்.

கணவரைப் பற்றிக் கேட்டால், "அவரு தூரத்துல இருக்காரு" என்பார். இருக்காரு என்றுதான் சொல்வார்.

மிடில் ஈஸ்ட் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். நான்கு வருடம்... எந்த நாடு என்றுகூடக் கேட்கவில்லை.

அவருடைய வாசகிகள் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள். வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்தில் ஒருவர் அந்த மாத அத்தியாயத்தை உரத்து வாசிப்பாராம்.

பிறகு நோயில் கிடக்கும் வருத்தக்காரருக்காக ஜெபிப்பார்கள், பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்காக ஜெபிப்பார்கள். அந்த வரிசையில் கப்டன் சாமுவேலின் பெயரும் வரும்.

அவர் கதையில் வருகிறவர் என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் ஜெபித்தார்கள்... எனக்கு அது சிரிப்பாக இருந்தது.

போன வருடம் அந்தக் கதை முடிகிற நேரம், நான்தான் சொன்னேன். "இவரு செத்துப்போகட்டும் அன்ட்டி. அப்பதான் நெசம் மாதிரி இருக்கும். யுத்தத்துக்குப் போன எல்லாரும் திரும்பி வர்றதில்லையே."

அவர் பனிஸ் சுற்றியிருந்த கடதாசியை நாலாக மடித்தார், பிறகு எட்டாக.

"அப்படியா மகள்... நீங்க படிச்சவங்க."

அடுத்த மாதம் கடைசி அத்தியாயம் வந்தது. ஒரு பாலத்துக்குப் பக்கத்தில் கப்டன் சாமுவேல் இறந்து கிடந்தார். வேத வசனம் இல்லை, ஆறுதல் இல்லை, ஒன்றரைப் பக்கம்தான்.

அன்ட்டி எழுதியதிலேயே ஆகச் சிறந்தது அதுதான். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்... அதுதான் என்னால் தாங்க முடியாமல் இருக்கிறது.

இரண்டு நாள் கழித்து போன் எடுத்தார். "மகள், அத மாத்தலாமா? அவரு வந்துறட்டும். ரெண்டு வரி போதும். நான் இப்பவே சொல்றேன், எழுதிக்குங்க."

"அச்சுக்குப் போயிருச்சு அன்ட்டி" என்றேன்.

போகவில்லை. ஃபைல் என் முன்னால் திறந்துதான் இருந்தது. நல்ல அத்தியாயம் கெட்டுப்போய்விடும் என்று பயந்தேன்.

"சரி மகள், பரவால்ல" என்று வைத்துவிட்டார்.

இதழ் வந்த பிறகு ஜெபக்கூட்டத்துப் பெண்கள் பிரஸ்ஸுக்கு ஒரு கடிதம் போட்டார்கள். 'கப்டனுக்காக மூன்று வெள்ளிக்கிழமை உபவாசம் இருந்தோம். இனி யாருக்காக இருப்பது என்று ரூத் அக்காவிடம் கேட்டுச் சொல்லவும்.'

நான் கேட்கவில்லை. கடிதம் என் மேசை லாச்சியிலேயே கிடக்கிறது.

அன்ட்டி அதற்குப் பிறகு கண்டிக்கு வரவேயில்லை. புதுக் கதை எப்போது என்று ஒருமுறை கேட்டதற்கு, "இனி வருதில்ல மகள்" என்றார். அவ்வளவுதான்.

இன்று காலை தங்கையிடம், அன்ட்டியின் கணவருக்கு அறிவித்துவிட்டீர்களா என்று கேட்டேன். வெளிநாட்டில் இருக்கிறார் என்ற நினைப்பில்.



"உங்களுக்குத் தெரியாதா மிஸ்? அத்தானும் ஆமிதானே. சிங்கள ஆளு, அக்காவக் கட்டி நம்ம சேர்ச்சுக்கே வந்தவரு. வடக்குல சண்டைக்குப் போயி காணாமப் போனவரு. மரண சேட்டிபிக்கட்டுக்குக் கையெழுத்து போடுங்கன்னு எத்தன தடவ சொல்லியிருப்பாங்க... அக்கா போடவே மாட்டேன்னுச்சு, அவரு வருவாருன்னு. போன வருசம் திடீர்னு தானா போயி போட்டுட்டு வந்துருச்சு. ஏன்னு எங்களுக்கு இன்னமும் தெரியாது."

எந்த மாதம் என்று கேட்டேன்.

அந்த இதழ் வந்த மாதம்.

நாளைக்கு அடக்கம். முதல் பஸ்ஸில் போகிறேன். கடிதத்தையும் எடுத்துக்கொள்கிறேன், யாரிடம் கொடுக்கப் போகிறேன் என்று தெரியவில்லை.

பின்னேரம் அந்த ஃபைலைத் திறந்து பார்த்தேன். ஒன்றரைப் பக்கம், அதற்குக் கீழே வெறும் வெள்ளை.

இரண்டு வரி போதும் என்றார். அது என்ன இரண்டு வரி என்று கேட்டிருக்கலாம்... அதைக்கூடக் கேட்கவில்லை.

போயிட்டு வாங்க அன்ட்டி. அங்கே வாசலில் ஒரு சோடி சப்பாத்து இருக்கிறதா என்று பாருங்கள்.