சூசையின் வாய்த்தகடு

இன்னொருவன் நித்திரை கொள்வதைப் பார்த்துப் பொறாமைப்பட்டவன் நான். சண்டை நின்றிருந்த சமாதான காலத்தில் நாயாற்றுக் கடற்கரையில், மீன்பிடிகாரர் தங்கும் வாடியொன்றில் வேலை செய்தேன். இரவில் கடல், பகலில் நித்திரை. கூட்டாளி சூசையும் நானும் பெரிய குறட்டைக்காரர். “ரெண்டு பேரும் வெளியில போய்ப் படுங்கோடா” என்று வள்ளங்களின் சொந்தக்காரரான சம்மாட்டியார் எங்களை வலைக்குவியலுக்கு விரட்டிவிட்டார்.

பல்வலிக்கு வவுனியா போன சூசைக்குப் பல் வைத்தியர் குறட்டைக்கென்றும் ஒரு தகடு செய்து கொடுத்தார். வாயில் மாட்டிப் படுத்தால் அது கீழ்த்தாடையை முன்னுக்குப் பிடித்துக்கொள்ளும். குறட்டை அடங்கியது. அவனுக்கு வாடிக்குள் இடம் கிடைத்தது. நான் வெயிலில் கிடந்து அவனைத் திட்டினேன்.

ஒருநாள் அவன் குளிக்கப் போன நேரம் அந்தத் தகட்டை எடுத்து மாட்டிக்கொண்டு படுத்தேன். எழும்பியபோது தாடையை அசைக்க முடியவில்லை. தகடும் வெடித்திருந்தது. சூசை அடிப்பான் என்றே நினைத்தேன்.

“விசரா, என்ர பல்லை அச்செடுத்துச் செய்தது உனக்கு எப்பிடியடா பொருந்தும்? வெளிக்கிடு, டொக்டரிட்டப் போவம்.”

வைத்தியர் என் வாயைப் பார்த்துவிட்டு, “நித்திரையில மூச்சு நிக்கிறதோ?” என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

“ஓம் டொக்டர், நிக்கும்” என்றான் சூசை. “உள்ளுக்குப் படுத்தாலும் இவன்ர குறட்டையைத்தான் கேட்டுக்கொண்டு கிடப்பன். சத்தம் நிண்டா ஓடிவந்து பிரட்டி விடுறனான்.”

முதலில் ஆஸ்பத்திரியில் காட்டச் சொல்லி வைத்தியர் துண்டு எழுதித் தந்தார்.

திரும்பும் பஸ்ஸில் சூசை என் தோளில் சாய்ந்து குறட்டை விட்டான். நான் பொறாமைப்பட்ட நாளெல்லாம் அவன் எனக்காக விழித்துக் கிடந்திருக்கிறான். பஸ் மாறும் மாங்குளம் வரும்வரை நான் தோளை அசைக்கவில்லை.